அக்கா கொண்டு வந்த மசியல்

மசியல் வந்துவிட்டது, ஆனால் மிக்ஸி ஓடிய சத்தம் வரவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்த வீட்டு மிக்ஸி அடக்க ஒடுக்கமாக ஓடுகிற ரகமில்லை. போட்டால் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு அலறும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். காலையிலிருந்து அந்தச் சுவருக்கு அப்பால் குழாய் திறந்தது கேட்டது, கரண்டி விழுந்தது கேட்டது, அக்கா யாரையோ செல்லமாக அதட்டுவதுபோல முணுமுணுத்ததும் கேட்டது. மிக்ஸி மட்டும் கேட்கவில்லை. கிண்ணத்திலோ கேரட்டும் கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் ஒன்றோடொன்று குழைந்து, வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னடி முழிச்சுக்கிட்டு இருக்க? ஆறிடப் போகுது, சாப்பிடு" என்றாள் அக்கா.

"மிக்ஸி போட்டியாக்கா?"

"அது எதுக்கு? அது இல்லாமலே நல்லா மசியுது."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நழுவி இறங்கியது. வயிறு மறுக்கவில்லை. இன்னொரு கரண்டி. அதுவும் போயிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு, நிம்மதியில்.

நிம்மதிக்குக் காரணம் இருந்தது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அவள் போட்டுக்கொண்ட வயிற்றுப் பட்டை அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டையைக் கட்டி, அதற்கு மேலே கோழிமுட்டை அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து ஒரு சன்னக் குழாய் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் இருக்கும் ஒரு பொத்தானுக்கு வரும். அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும். போன முறை இறுக்கியதிலிருந்து ஆரம்பித்தது வினை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றால் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறும். சாதாரண எச்சில் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று, நூல் நூலாக, இழுத்தால் அறுந்து தொலையாமல் உதட்டிலிருந்து தொங்கும். அதை வாஷ்பேசினில் துப்பித் துப்பி முடிப்பதற்குள் தின்ற ரொட்டி தின்றபடியே திரும்பி வரும். பொத்தான் இருந்த இடம் வேறு சிவந்து வீங்கி, போட்ட பஞ்சை எடுக்கும்போதெல்லாம் பூஞ்சை பிடித்த துணி மாதிரி நாறியது.

"இந்த வாரமும் சாப்பாடு உள்ள தங்கலன்னா பட்டையைக் கழட்டிட வேண்டியதுதான்மா" என்று சொல்லியிருந்தார் டாக்டர். கழட்டுவதா? அதற்குப் பதில் அவள் செத்தே போவாள். பழைய உடம்பை அவள் வெறுத்தாள். மடிப்புகளுக்குள் வேர்த்து, பவுடர் கட்டிபட்டு, புண்ணாகி, தன் வாடை தனக்கே குமட்டிய அந்த உடம்புக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை. போனது போனதாகவே இருக்கட்டும். அதற்கு இந்த மசியல் உள்ளே தங்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்கு அக்கா சம்மதித்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து ஊட்டி ஊட்டி வளர்த்தவள், "பூசணி, பூசணி" என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியவள், தங்கை இளைக்க இளைக்க முகம் சுருங்கிப் போனாள். "எம் பூசணிய எங்கடி தொலைச்ச?" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். அப்படிப்பட்டவள் நேற்றிரவு பெட்டியோடு வந்து இறங்கி, குறை சொல்லாமல் சமைத்துப் போடுகிறாளே என்று இவளுக்கு உள்ளூர ஆச்சரியம்தான். வேறு எதைத் தின்றாலும் திரும்பி வந்தது. அக்காவின் மசியல் மட்டும் தங்கியது.

கிண்ணம் பாதி காலியானபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. மசியாத கேரட் துண்டு ஒன்று. பயந்துபோய் விரலால் வழித்து எடுத்தாள். சின்னத் துண்டு சிக்கினாலே உயிர் போய் உயிர் வரும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

அதில் பல் பதிந்திருந்தது.

அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் கூடத்தில். மெழுகிலும் மாவிலும் பதிந்த கடிகளைப் பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவள். கத்தி பட்டதும் கரண்டி பட்டதும் இப்படி இருக்காது. இது கடைவாய்ப் பல். மேலும் கீழும் சேர்ந்து அரைத்து, அரைத்து முடிக்காமல் விட்ட துண்டு.

அப்படியென்றால் கிண்ணத்தில் இருந்ததெல்லாம் யாரோ மென்று துப்பியது.

அந்த வெதுவெதுப்பு அடுப்புச் சூடு இல்லை. அந்த வழவழப்பு வெண்ணெய் இல்லை. வாயோரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டாள். நூலாக நீண்டது.

ஓங்கரித்தாள். நெஞ்சு எக்கியது, கண் பிதுங்கியது, கொழகொழவென்று எச்சில் ஊறி மடியில் சொட்டியது. ஆனால் தின்றது வரவில்லை. விரலைத் தொண்டைவரைக்கும் விட்டும் வரவில்லை. ஒரு மடக்குத் தண்ணீரைக்கூட வைத்துக்கொள்ளாத வயிறு இதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

அக்காவா மென்றாள்? இருக்க முடியாது. அக்காவுக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. அவளுக்குச் செட் செய்து கொடுத்ததே இவள்தான். அதன் கடி தட்டையாக விழும். இதில் விழுந்திருந்தது நிஜப் பற்களின் தடம், அதன் நடுவே பல்லுக்கு மேல் மாட்டும் உறை ஒன்றின் தடம். உறையின் ஓரத்தில் தேவையில்லாத ஒரு பள்ளம். தொழில் பழகிய காலத்தில் தன் பல்லுக்குத் தானே உறை செய்து, அவசரத்தில் ஓரத்தை ஆழமாகக் கீறி, போகட்டும் என்று விட்டது அவள் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கால் தடவிப் பார்த்தாள். அதே இடம். அதே பள்ளம்.

கேரட் துண்டில் இருந்தது அவளுடைய கடி. அவள் அதைக் கடிக்கவில்லை.

மாத்திரை மயக்கத்தில் தானே எழுந்துபோய் மென்று துப்பியிருப்போமோ என்று யோசித்தாள். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

மதியம் வந்த கிண்ணத்தை அவள் தொடவில்லை. "பசிக்கலக்கா" என்றாள். அக்கா கோபப்படவில்லை; "பசிக்கும், பசிக்கும்" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாள். அவள் போனதும், இவள் அலமாரியில் இருந்த பழச்சாற்றுப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு மடக்கு குடித்தாள். பட்டைக்கு மேலே அது கொதிப்பதுபோல் எரிந்து, நுரை நுரையாக மூக்கு வழியாகவும் வந்தது. தலை சுற்றியது. வயிற்றுப் பஞ்சு நனைந்து சட்டையில் ஒட்டிக்கொண்டது. டாக்டருக்குப் போன் செய்யலாம். செய்தால் கழட்டுவார்கள். போனைக் கையில் எடுத்து, பிறகு கவிழ்த்து வைத்தாள். இந்தப் பாழாய்ப்போன வயிற்றுக்குப் பசிதான் எடுத்தது, அதுவும் அந்தக் கிண்ணத்தை நினைத்து. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பொழுது சாய்ந்து, தெருவிளக்கு எரிகிற நேரத்தில், சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது.

"பூசணி, அவசரப்படாத. நல்லா மெல்லு. முழுங்கிடக் கூடாது, சரியா?"

"ம்" என்றது ஒரு குரல்.

அது அவளுடைய குரல். அவளோ வாயைத் திறக்கவில்லை.

பிறகு மெல்லும் சத்தம். ஈரமான, நிதானமான, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே மெல்லும் சத்தம். நடுநடுவே நாற்காலி முனகியது. பெரிய கனத்தைத் தாங்க மாட்டாமல் முனகுகிற அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. அவள் போன இடமெல்லாம் அவள் மானத்தை வாங்கிய சத்தம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி நடந்தாள். வழியெல்லாம் சமைத்த கறியின் மணம், அதற்கு அடியில் இன்னொரு வாடை. புளித்த வியர்வை. கட்டிபட்ட பவுடர். மடிப்புக்குள் வெந்த தோல். எத்தனை குளித்தாலும் போகாத வாடை. அவள் வாடை.

சமையலறைக் கதவு சாத்தியிருக்கவில்லை.

இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அது உட்கார்ந்திருந்தது. அவள் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்ட பூப்போட்ட நைட்டி. தொடைமேல் வழிந்த வயிறு. அதில் வீக்கம் இல்லை, பஞ்சு இல்லை. கழுத்து மடிப்பில் வெள்ளையாகப் பவுடர். அதற்கு மேலே அவள் முகம்.

தாடை அசைந்துகொண்டே இருந்தது. உப்பிய கன்னங்களுக்குள் இடமும் வலமும் ஏதோ புரண்டது. அக்கா அதன் மோவாய்க்குக் கீழே கையை ஏந்தி, வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எந்திரிச்சே வந்துட்டியா? அப்ப கிண்ணமே வேணாம்" என்றாள் அக்கா.

"யாருக்கா இது?"

"என்னடி கேள்வி இது? கரைச்சுட்டா காணாமப் போயிடுவாளா? பாவம். நீ மென்னா உள்ள தங்கல. இவளால முழுங்க முடியல. ரெண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே வயிறு."

ஓட வேண்டும். கத்த வேண்டும். வாயில் எச்சில் ஊறியது. கொழகொழப்பு இல்லை. நுரை இல்லை. பசித்தவன் சோற்றைப் பார்த்தால் ஊறுகிற எச்சில்.

வயிறு இரைந்தது. அந்த உருவம் அதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தியது.

அக்கா இவள் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். குளிர்ந்த தரை. அந்த உருவத்தின் முழங்கால்களுக்கு நடுவே. மெத்தென்ற இரண்டு கைகள் வந்து இவள் கன்னங்களை ஏந்திக்கொண்டன. ஈரக் கைகள். சூடான கைகள். அந்த முகம் குனிந்தது. மூக்கோடு மூக்கு முட்டியது. மெல்லுவது நின்றது.

"ஆ காட்டு" என்றாள் அக்கா.

அதன் உதடுகள் பிரிந்தன. நாக்கின்மேல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று மென்ற மசியல், அதிலிருந்து ஆவி பறந்தது. விளிம்பிலிருந்து ஒரு நூல் இறங்கி, கீழே அண்ணாந்து திறந்திருந்த வாய்க்குள் தொங்கி ஆடியது.