பதில் வசனம்

“கேமராவத் திருப்புங்க சார்.”

சொன்ன பிறகுதான் பிரீனாவுக்குத் தான் கேட்டது உறைத்தது. சாப்பிட்டாரா, உறங்கினாரா, என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வக்கீல் சுனிதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்கக் கூடாது. கேமராவைத் திருப்பச் சொல்லவே கூடாது. “கேட்டா உனக்கு ஒண்ணும் வராது பிள்ளே. அடி அவருக்குத்தான் விழும். வாயக் கொஞ்சம் பொத்திட்டு இரி, கேட்டியா?”

வாயைப் பொத்திக்கொண்டு இருக்கத் தெரிந்தவள் இல்லை பிரீனா. அண்டி ஆபீசில் முந்திரிக் கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போன அம்மா படிக்கவைத்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய கையோடு ஊரில் பாதிப் பேரோடு சண்டையும் வாங்கியவள். அப்படிப்பட்டவளே இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கும் இருந்திருப்பாள், அந்த ஜன்னல் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்.

போனில் இத்ரீஸ் சாரின் முகம். பின்னால் வழக்கம்போல ஒரு வெள்ளைத் துணி. கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் சவரம் சுத்தமாக இருந்தது, யாரோ உட்கார்த்திவைத்துச் செய்துவிட்டதுபோல. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துணிக்குப் பின்னால் எங்கோ ஒரு ஜன்னல் கதவு காற்றில் அசைந்தது. முதலில் மெல்லிய கீச்சு. அப்புறம் விக்கல் எடுத்ததுபோல ஒரு இழுப்பு. அப்புறம் தட். இந்த வீட்டு மாடி ஜன்னலின் கீல் உடைந்தபோது அப்பா, சாவதற்கு முந்தின வருடம், சைக்கிள் டியூபை வெட்டி ஆணியடித்துக் கீலாக்கிவைத்தார். அன்றிலிருந்து அது அப்படித்தான் சாத்தும். கீச்சு, இழுப்பு, தட். உலகத்தில் வேறு எந்த ஜன்னலும் அப்படிச் சாத்தாது.

அந்த ஜன்னல் இருக்கும் மாடி அறையின் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் ஒழுங்காக சிக்னல் கிடைப்பது மாடிப்படியின் உச்சியில், அந்த வாசலில் மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் அறை சத்தமில்லாமல் கிடந்தது. சத்தம் வந்தது போனிலிருந்து.

இத்ரீஸ் அந்த அறையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர். தன் நாட்டுச் சிறைகளுக்குள் நடப்பதைப் புத்தகமாக எழுதியதற்கு அங்கே தேசத்துரோகி. தப்பி வந்து இங்கே வாடகைக்காரர். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிற வழி என்பதால் இன்னொரு அந்நிய முகத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இளவயதில் திருவனந்தபுரத்தில் படித்தவர். மலையாளத்தையும் தமிழையும் குழைத்து ஒரு பாஷை பேசுவார். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. பகலெல்லாம் எழுதுவார், பிரீனா அதைத் தமிழாக்குவாள். சாயங்காலம் கீழே அம்மா ஜெயபாய் தலையில் முக்காடிட்டு, முழங்காலில் நின்று குடும்ப ஜெபம் நடத்துவாள். அம்மா ஒரு வசனம் சொன்னால் பிரீனா அடுத்த வசனத்தைப் பதிலாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவருடைய மார்க்கம் வேறு. இருந்தாலும் ஜெபம் முடியும்போது மேலேயிருந்து மெதுவாக ஒரு “ஆமென்” இறங்கி வரும். வீட்டுக்காரிக்கு மரியாதை என்று சொல்லிச் சிரிப்பார்.

அவரைப் பிடித்துத் தரும்படி அவருடைய நாடு கேட்டது. வழக்கு முடியும்வரை அனுப்பக் கூடாது என்று கோர்ட் சொன்னது. அதுவரை தங்குமிடம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் சுனிதா. பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் அம்மா அவருக்காக ஜெப விண்ணப்பம் கொடுத்தாள்.

எல்லோரும் கொடுப்பதுதான். மகனுக்கு வேலை கிடைக்க, மருமகனுக்குக் கல்ஃபில் விசா நீட்ட, முட்டுவலி தீர என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், ஞாயிறு ஆராதனையில் மைக்கில் அதற்காக ஜெபிப்பார்கள். ஜெயபாயும் சொன்னாள்: எங்கள் மாடியில் இத்ரீஸ் என்று ஒரு எழுத்தாளர் இருக்கிறார், அவருடைய நாட்டுக்காரர்கள் கையில் அகப்படாமல் இருக்க வேண்டும். போதகர் ஒரு சொல் விடாமல், வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்து, உருகி உருகி ஜெபித்தார். கல்ஃபில் இருக்கும் சபையார் பார்ப்பதற்காக அது யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரமே வந்தார்கள். பட்டப்பகலில், அம்மா அண்டி ஆபீசுக்குப் போன பிறகு, ஒரு வெள்ளைக் காரில். பிரீனா படியில் குறுக்கே நின்று, கேஸ் நடக்கிறது என்றாள், தடையுத்தரவு இருக்கிறது என்றாள், நீங்களெல்லாம் யார் என்றாள். ஒருவன் அவளைச் சுவரோரம் நகர்த்திவைத்தான், நாற்காலியை நகர்த்துவதுபோல. இன்னொருவன் இத்ரீஸின் தலையில் கைவைத்துக் காருக்குள் அழுத்தினான், ஞானஸ்நானம் கொடுப்பதுபோல, அவ்வளவு பதமாக. அவர் காலில் செருப்புகூட இல்லை.

“நான் அவருக்கு நல்லதுதானேட்டி கேட்டேன்?” என்று அம்மா அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

“நீ தெய்வத்துட்ட கேட்டியா, மைக்குட்ட கேட்டியா?”

அதோடு பிரீனா ஜெபத்தில் உட்காருவதை விட்டாள். அம்மா விடவில்லை. தினமும் இரண்டு பாயை விரிப்பாள், தனக்கொன்று, மகளுக்கொன்று. தன் வசனத்தைச் சொல்லிவிட்டு, பதில் வருகிற அளவுக்குக் காத்திருந்து, வராமல், அடுத்ததற்குப் போவாள். மேலே படியில் இருந்துகொண்டு அந்த இடைவெளிகளைக் கேட்பது பிரீனாவுக்கு ஒரு மாதிரியான திருப்தியாக இருந்தது. இருக்கட்டும், அனுபவிக்கட்டும்.

பிறகுதான் ஞாயிறு சாயங்கால அழைப்புகள் தொடங்கின. எப்போதும் அதே வெள்ளைத் துணி, அதே பேச்சு. தான் இஷ்டப்பட்டே விமானம் ஏறியதாகவும், யாரும் பிடித்து இழுக்கவில்லை என்றும், கோர்ட்டில் அதையே சொல்லிவிடும்படியும் சொல்வார். எதிர்த்தரப்பு சொல்வதும் அதேதான். அவரை இழுத்துப்போனதைப் பார்த்த கண் பிரீனாவுடையது மட்டும். நாளைக் காலையில் அவள் சுனிதாவோடு போய் நீதிபதி முன்னால் கண்டதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அங்கே அவரை என்ன செய்வார்களோ. சொல்லாவிட்டால் இத்ரீஸ் என்று ஒருவரை யாரும் எங்கும் கடத்தவே இல்லை.

இப்போது, கேமராவைத் திருப்பச் சொன்னதும், கிராம்பை மென்றுகொண்டிருந்த அவருடைய தாடை நின்றது. அவர் பிரீனாவைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே, பக்கத்தில் நிற்கிற ஒருவரின் முகம் இருக்கும் உயரத்தில், எதையோ பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே ஐப்பசி மழை வாழையிலைகளில் சடசடவென்று விழுந்து, ஓய்ந்து, மறுபடி விழுந்தது. ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து இருட்டு ஈர வாடையோடு படியேறி வந்துகொண்டிருந்தது. அவர் தலையசைத்தார், உத்தரவு கிடைத்தவரைப்போல.

“வேண்டாம் மோளே,” என்றார். ஆனால் கை அதற்குள் போனைத் திருப்பத் தொடங்கியிருந்தது.

வெள்ளைத் துணியின் ஓரம் போயிற்று. நாற்காலிக் கால். நீலச் சுவர். கட்டில், அதன்மேல் அம்மா தைத்த ஒட்டுத்துணி விரிப்பு. போன வருடத்துச் சபைக் காலண்டர். பேனா போட்டுவைக்கிற பழைய ஹார்லிக்ஸ் குப்பி. சைக்கிள் டியூப் கீல் வைத்த ஜன்னல். கட்டிலுக்குக் கீழே, விட்டுவிட்டுப் போன அந்தச் செருப்பு.

படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், என்று நினைத்தாள். வந்த அன்றைக்கே பிடித்திருப்பார்கள். அதைப் பார்த்து இதேபோல ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். மிரட்டுவதற்கு. படித்த பெண், இப்படித்தான் யோசிக்க வேண்டும். கேமரா கிழக்குச் சுவருக்குத் திரும்பும்வரை அப்படித்தான் யோசித்தாள்.

கிழக்குச் சுவரில் மாட்டுக் குளம்பு மாதிரி ஒரு ஈரக் கறை. போன வாரத்து மழையில்தான் அது ஊறியது. நேற்று அறையைப் பெருக்கத் திறந்தபோது அவள் மட்டும் பார்த்தது. அவர் போய் எவ்வளவோ நாள் கழித்து வந்த கறை. போனில் அதன் நுனியிலிருந்து ஒரு நீர்க்கோடு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

பிரீனா எழுந்தாள். கழுத்துச் சரட்டில் கிடந்த சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள்.

அறை காலி. ஜன்னல் சாத்தியிருந்தது. கறை இருந்தது. நீர்க்கோடும் இருந்தது. மூடிக்கிடந்த அறைக்குரிய புழுக்க வாடை இல்லை. கிராம்பு வாசனை. பழையது இல்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக, இப்போதுதான் யாரோ மென்ற வாசனை.

போனில் அதே அறை. மேசைக்கு முன்னாலிருந்து தெரிகிற அறை. அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள். திரையில் கை வரவில்லை.

அப்போது கீழே அம்மா ஜெபத்தைத் தொடங்கினாள்.

குரல் படி வழியாக ஏறி வந்தது. போனுக்குள்ளிருந்தும் வந்தது. அதே குரல், அதே தொண்டைச் செருமல், படிக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி அதே அமுங்கல்.

திரையில் கேமரா வாசலை நோக்கி நகர்ந்தது. தூக்கிப்போகிறவரின் மூச்சு கேட்கவில்லை. காலடி கேட்கவில்லை. கதவு. அவள் சற்று முன்பு உட்கார்ந்திருந்த இடம், காலி. முதல் படி. அடுத்த படி. சுவரில் அப்பாவின் படம். கீழே முன்னறையில் விளக்கு. விளக்கடியில் ஒரு பெண் முழங்காலில். முக்காடிட்ட தலை. முதுகு மட்டும்.

பக்கத்தில் ஒரு பாய். காலி.

கேமரா அந்தப் பாயில் நின்றது. வேறெங்கும் போகவில்லை.

“சார்,” என்றாள் பிரீனா. “சார், அது யாருக்கு?”

இத்ரீஸின் குரல் போனுக்கு மிக அருகில் வந்தது. உதடு அதில் ஒட்டியிருக்க வேண்டும். “உனக்கு விரிச்சிருக்கு மோளே.”

நாளைக்கு வாயைத் திறந்தாலும் விரித்திருக்கும். திறக்காவிட்டாலும் விரித்திருக்கும். பேசாமல் இருந்தால் அவரை விட்டுவிடுவார்கள், தங்களை விட்டுவிடுவார்கள் என்று அவள் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டையே அங்கே கட்டி முடித்துவிட்டார்கள். அம்மாவையும் வைத்துவிட்டார்கள். இனி எதற்குப் பொத்த வேண்டும்?

போனை மேசைமேல் வைத்தாள். கவிழ்த்து வைத்தாள். கதவைப் பூட்டவில்லை. படியிறங்கினாள்.

முன்னறையில் விளக்கு. முழங்காலில் அம்மா. முக்காடிட்ட தலை. முதுகு மட்டும். பக்கத்தில் பாய், காலி. அம்மாவின் முன்பக்கமாகச் சுற்றிப் போய் முகத்தைப் பார்க்கலாம். நாலெட்டு கூட இல்லை. போகவில்லை.

“அம்மா. நான் தக்கலைக்குப் போறேன், சுனிதாக்கா வீட்டுக்கு. நாளைக்கு உள்ளதச் சொல்லப் போறேன். கேட்டியா?”

ஜெபத்துக்கு நடுவில் பேசினால் அம்மா எப்போதும் செய்வதுதான்: திரும்பாமல் ஒரு விரலை உயர்த்தினாள். பொறு. விளக்கொளியில் அந்த விரல் வெளுப்பாக இருந்தது. முந்திரிக் கறை இல்லாத விரல்.

பிரீனா வெளியே இறங்கினாள். மழை முகத்தில் அறைந்தது. குடை எடுக்கவில்லை. வாழைகளுக்கு நடுவே தடத்தில் நடந்தாள், கேட்டைத் திறந்தாள், கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே இருப்பது அம்மாவாக இருந்தால்.

வீட்டிலிருந்து அம்மாவின் குரல் வசனத்தைச் சொன்னது. சொல்லி முடித்தது. காத்திருந்தது, இத்தனை நாளும் காத்திருந்த அதே அளவுக்கு.

பதில் வந்தது.

தெளிவாக, அவசரமில்லாமல், ழகரம் சுத்தமாக, சின்ன வயதிலிருந்து அம்மா அடித்துத் திருத்திய அதே உச்சரிப்பில். பிரீனாவின் குரலில்.

அம்மா அடுத்த வசனத்தைத் தொடங்கினாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, பல நாள் கழித்து. மாடியிலிருந்து யாரோ மெதுவாக, “ஆமென்” என்றார்.

பிரீனா கேட்டைச் சாத்திவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். பின்னால் அவளுடைய குரல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.