தப்ப வேண்டிய உதை

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் இராஜேந்திரனின் பலசரக்குக் கடை. 1986 மே மாதம். ஞாயிறு காலை.

"ஸ்ரனிஸ்லாஸ்! தம்பி, உமக்குத்தான் போன்!"

மேல்மாடி அறையிலிருந்து பாய்ந்து இறங்கினான் ஸ்ரனிஸ்லாஸ். கல்லூரி மாணவன். ரிசீவரைக் காதில் வைத்தான்.

"உன்ரை தங்கச்சி எங்களிட்டை."

துணியால் பொத்திய குரல். தமிழ்!

"ஆர் நீங்கள்? பியட்றிஸ் கோயிலுக்கெல்லே போனவள்..."

"போய்ச் சேரேல்லை. கேள்! பின்னேரம் பைனல். உன்ரை உதை ஒண்டும் கம்பத்துக்குள்ளை போகக்கூடாது. போச்சுதோ... அவளை மறந்திடு!"

"ஐயோ, அவள் என்ன பாவம் செய்தவள்?"

"பொலிசுக்குப் போகப்போறியோ? போ! விசா இல்லாமல் வந்தவள். அவையளே பிளேன் ஏத்தி விடுவினம்!"

டொக்!

ஸ்ரனிஸ்லாஸ் ரிசீவரை அப்படியே விட்டான். கோயிலுக்கு ஓடினான். பியட்றிஸை யாரும் காணவில்லை. சிவப்பு விளக்கில் ஒரு பொலிஸ் கார் நின்றது. அதை நோக்கி நடந்தான்... நின்றான்... திரும்பினான்.

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது?

அமெரிக்கன் புட்போல்! முட்டை வடிவப் பந்து. தலையில் ஹெல்மெட். ஒருவரை ஒருவர் எருமைபோல் மோதும் ஆட்கள். கல்லூரியில் சிலர் ஆசைக்குத் தொடங்கிய அணி. சீசன் ஆரம்பத்தில் தோல்விக்கு மேல் தோல்வி! அப்போதுதான் பயிற்சியாளர் ஜெர்மேன், யாழ்ப்பாணத்தில் பந்தடித்து வளர்ந்த ஸ்ரனிஸ்லாஸின் காலைக் கண்டார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் வேலை இனி அவனுக்கு.

அதற்குப் பிறகு அணி தோற்கவே இல்லை!

முன்பு அந்த வேலை மன்னார் நீக்கிலாஸினுடையது. அதே கல்லூரி. ஸ்ரனிஸ்லாஸின் அறைத்தோழன். இப்போது அவன் முழங்காலிட்டுப் பந்தை நிமிர்த்திப் பிடிப்பான். ஸ்ரனிஸ்லாஸ் ஓடிவந்து உதைப்பான்.

மைதானத்துக்குப் போகும் ரயிலில் நீக்கிலாஸ் அவன் தோளில் தட்டினான்.

"என்னடா, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை..."

"பயமோ?"

"ஓம்."

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தான். பியட்றிஸின் முகம் கண்ணுக்குள் வந்தது. மூடிக்கொண்டான்.

பைனல்!

முதல் உதை. வேண்டுமென்றே வெளியே. இரண்டாவது. அதுவும் வெளியே!

"உனக்கு இன்று என்ன ஆயிற்று?" ஜெர்மேன் அலறினார்.

ஸ்ரனிஸ்லாஸ் திரும்பி வரிசைக்கு ஓடினான்.

கடைசி நிமிடம். எதிரணி பதினான்கு. இவர்கள் பன்னிரண்டு. ஒரே ஒரு உதை... உள்ளே போனால் மூன்று புள்ளி. கோப்பை!

சக வீரர்கள் கைகோத்து நின்றார்கள். சிலர் சிலுவை போட்டார்கள். எல்லார் கண்ணும் அவன் காலில்.

'என்னை மன்னியுங்கோடா...'

நீக்கிலாஸ் பந்தை நிமிர்த்தினான். ஸ்ரனிஸ்லாஸ் ஓடிவந்தான். கம்பத்துக்கு நன்றாக இடப்புறமாய்... உதைத்தான்!

எதிரணியின் நெட்டையன் ஒருவன் துள்ளினான். விரல் நுனி பந்தில் பட்டது.

பந்து திரும்பியது...

சுழன்றது...

இரண்டு கம்பங்களுக்கும் நடுவே விழுந்தது!

மைதானம் வெடித்தது. அவனைத் தோளில் தூக்கினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் விம்மி விம்மி அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள்!

"இறக்குங்கோ! என்னை இறக்குங்கோடா!"

யாருக்குத் தமிழ் புரியும்?

ஒருவனுக்குப் புரிந்தது. நீக்கிலாஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"பியட்றிஸ் உனக்கு உயிரோடை வேண்டாமோடா?"

ஸ்ரனிஸ்லாஸின் அழுகை பட்டென்று நின்றது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே..."

நீக்கிலாஸ் தன் வாயைப் பொத்தினான். பிந்திவிட்டது!

தோளிலிருந்து குதித்த ஸ்ரனிஸ்லாஸ் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான்.

"நீயோ? என்ரை பாயிலை படுத்தெழும்பினவன் நீயோ?"

"ஓம், நான்தான்! ஒவ்வொரு கிழமையும் உன்ரை காலடியிலை முழங்காலிலை இருந்தன். சனம் உனக்குக் கைதட்டிச்சுது! நீ இண்டைக்குத் தோத்திருந்தால் என்ரை இடம் எனக்கு!"

"அவள் எங்கை?"

"எபினேயிலை... என்ரை மச்சான் யோகநாதன்ரை வீட்டிலை. அவன் பொல்லாதவன்டா. பந்து உள்ளை போனது ரேடியோவிலை கேட்டிருந்தால்... இனி என்ரை கையிலை இல்லை!"

ஜெர்மேனின் வான் வண்டி பறந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத மூன்று தடியன்கள் நடுவே நீக்கிலாஸ். வழி நெடுக ஸ்ரனிஸ்லாஸ் மாதாவைக் கூப்பிட்டபடியே இருந்தான். வேறு என்ன செய்ய முடியும்?

எபினே-சூர்-செய்ன். மூன்றாம் மாடி. நீக்கிலாஸ் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தான்.

"ஐயோ!... காப்பாத்துங்கோ!..."

உள்ளேயிருந்து அலறல்!

ஆண் குரல்!

கழிவறைக் கதவுக்குக் குறுக்கே ஓர் அலுமாரி. அதன்மேல் சாய்ந்தபடி பியட்றிஸ். கையில் தாச்சி!

"அண்ணை!"

"உனக்கு... உனக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கென்ன? முட்டை பொரிக்கச் சொல்லித் தாச்சியைக் கையிலை தந்தவர். அதாலையே மண்டையிலை ஒண்டு போட்டன். ரத்தம் கழுவ உள்ளை போனார். அலுமாரியை இழுத்து அணை குடுத்திட்டன். மத்தியானத்திலையிருந்து கத்துறார்!"

"மத்தியானத்திலையிருந்தோ! பிறகேன்டி ஓடி வரேல்லை?"

"எங்கை ஓடுறது? பாஷையும் தெரியாது, பேப்பரும் இல்லை. றோட்டிலை பொலிஸ் மறிச்சால்?"

ஸ்ரனிஸ்லாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உன்னைக் காப்பாத்தத்தான் வேணுமெண்டே வெளியாலை அடிச்சனான். பந்து... உள்ளை போட்டுது!"

பியட்றிஸ் தாச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல காலம் அண்ணை... நான் உங்கடை காலை நம்பி இருக்கேல்லை!"