மூச்சுக்கு மடங்கும் காகிதம்

எட்டு மாதக் குழந்தை தேனம்மை இருமி இருமித் திணறியபோதும், தொட்டிலில் அவள் முகத்துக்கு மேலே தொங்கிய காகிதம் நிதானமாக மடங்கி, நிதானமாக விரிந்துகொண்டிருந்தது.

அம்மா சௌபர்ணிகாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவளே செய்தது. வயர் இல்லை, பேட்டரி இல்லை, சிப் இல்லை. மூச்சின் ஈரம் பட்டால் மடிப்புகள் சுருங்கும், காய்ந்தால் விரியும். ஒரு மூச்சுக்கு ஒரு மடக்கு. குழந்தைக்கு நெஞ்சுச் சளி. நிமிஷத்துக்கு ஐம்பது மூச்சைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை எண்ணத்தான் தொங்கவிட்டிருந்தாள்.

காலையில் சோதித்துவிட்டுத்தான் மாட்டினாள். ஆடுகிற காற்றுக்கு மடங்கிவிடக் கூடாதே என்று, பிள்ளையில்லாத தொட்டிலை அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்தாள். சமையல்கார அழகி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஐயையோ ஆச்சி! வெறுந்தொட்டில ஆட்டாதீக. பிள்ளைக்கு ஆகாது."

"இது டெஸ்ட்டு, அழகி. நீ போய் ரசத்தைப் பாரு."

காகிதம் அசையவேயில்லை, கடைசி ஐந்து நிமிஷம் தவிர. 'ஈரக்காற்று' என்று குறித்துக்கொண்டாள்.

இப்போது மதியம். கரண்ட் இல்லை. சாரலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் தைலமும் புளித்த பாலும் கலந்த வாடை வீச, முற்றத்து அண்டாவில் மழைநீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே காகிதத்தின் சரக், சரக் மட்டும் தெளிவாகக் கேட்டது. இருமல் நின்றிருந்தது. குழந்தை தூங்கிவிட்டாள். சௌபர்ணிகா மடக்குகளை எண்ணினாள்.

நிமிஷத்துக்குப் பதினாறு.

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. கைக்குழந்தை இவ்வளவு மெதுவாக மூச்சு விடாது. பெரிய ஆள்தான் விடும்.

தன் மூச்சாக இருக்கும். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

சரக். சரக்.

குழந்தையை வாரி எடுத்தாள். கழுத்து தொங்கியது.

"தேனு... கண்ணைத் தொற, தங்கம். அழகீ! ஓடியா!"

காகிதத்தைப் பிடுங்கினாள். குழந்தையின் மூக்கருகே பிடித்தாள்.

மடங்கவில்லை.

இன்னும் கிட்டே. மடங்கவில்லை.

காகிதம் பிடித்த கை தொட்டில் பக்கம் சாய்ந்தது.

சரக்.

உள்ளே யாருமில்லை. தொட்டில் துணி மட்டும், ஆள் படுத்த கனத்தில், தரை வரைக்கும் இழுபட்டுத் தொங்கியது.