ஆறு பல், ஐந்து வாய்

தேயிலைத் தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைதான் லயம். எங்கள் லயத்தில் யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. ஏணி, அம்மி, டோர்ச் லைட், பெரிய சோற்றுப் பானை, எல்லாமே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும். கறுப்புக் கோட்டு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஏழு மாப்பிள்ளைகள் கலியாணம் முடித்துவிட்டார்கள். ஏழாவது மாப்பிள்ளை கொஞ்சம் குண்டு. அன்றிலிருந்து கோட்டுக்குப் பொத்தான் இல்லை.

அதனால் மாணிக்கவாசகம் தாத்தாவின் பல் கடன் போனபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மாணிக்கம் தாத்தா எங்களுக்குப் பக்கத்து வீடு. அவருக்கு மேலே முன்பல் ஆறும் இல்லை. போன மாதம் மாத்தளை டவுனில் பல் செட்டு கட்டிக்கொண்டு வந்தார். ரோஜா நிறத்தில் ஒரு சின்னத் தட்டு, அதில் ஆறு பல், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாளே முறுக்கைக் கடித்து, ஒரு பல்லின் முனையை உடைத்தும் விட்டார்.

கடன் கேட்ட முதல் ஆள் எதிர் வீட்டு அழகுமுத்து தாத்தா. சவூதியில் வேலை செய்யும் மகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். பொக்கை வாயைப் பார்த்தால் பிள்ளை அழுதுவிடுவாளாம். ஒரே ஒரு படம், எடுத்ததும் தந்துவிடுகிறேன் என்றார். மாணிக்கம் தாத்தா பல்லைக் கழற்றி, தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடுத்துவிட்டார்.

படம் எடுத்தது நான். பாடசாலை விடுமுறை. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். லயத்துக்கே நான்தான் போட்டோகிராபர். ஒரு படத்துக்கு ஒரு டொபி மிட்டாய்.

அழகுமுத்து தாத்தா அந்தப் படத்தில் பத்து வயது குறைந்து தெரிந்தார். அதைப் பார்த்ததும் கடைசி வீட்டு அண்ணன் தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. பெரியவர், சின்னவர் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம். சின்னவருக்கே வயது அறுபத்தெட்டு. பல் அழகுமுத்து தாத்தாவிடமிருந்து பெரியவருக்குப் போனது. பெரியவரிடமிருந்து சின்னவருக்குப் போனது. என் போனில் மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே முனை உடைந்த பல்.

எனக்கு மூன்று டொபி கிடைத்தது.

வியாழக்கிழமை காலையில் மாணிக்கம் தாத்தா வாயைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அனுஷியா, என் பல்லு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"கேட்டுப் பாக்கலையா தாத்தா?"

"கேட்டா அவங்க மனசு நோகுமேம்மா."

ஞாயிற்றுக்கிழமை பலாபத்வலயில் அவருடைய பேத்திக்குக் கலியாணம். பந்தியில் மொறுமொறு பருப்பு வடை உண்டு என்று ஒரு மாதமாக லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பல் கட்டியதற்கே அந்த வடைதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் பல்லைக் கொடுத்து ஒன்பது நாளாகிவிட்டது. ஒன்பது நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறாராம்.

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் அதைக் கவனிக்கவே இல்லை. டொபியை மட்டும் கவனித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுத் தர்றேன் தாத்தா" என்றேன்.

முதலில் சின்னவரிடம் போனேன். செவ்வாய்க்கிழமை பல்லைக் கழுவி, ஒரு கோப்பையில் போட்டு, பீலிச் சுவர்மேல் வைத்தாராம். பீலி என்றால் நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடம். முகம் துடைத்துவிட்டுத் திரும்பினால் கோப்பை காலி. குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார். குரங்குக்குத்தான் நல்ல பல் இருக்கிறதே, அது ஏன் இதை எடுக்கப்போகிறது?

பீலிக்குப் போய்ச் சுற்றிலும் தேடினேன். வாய்க்காலில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு கரண்டியும் யாரோ தொலைத்த செருப்பும்தான் கிடைத்தன.

அப்போது அழகம்மா பாட்டி வாளியோடு வந்தார். அழகம்மா பாட்டி தனியாக இருக்கிறவர். பீலிக்கு அவர் வருவதற்கு முன்பே அவருடைய பேச்சு வந்துவிடும். யார் வீட்டில் என்ன கறி, யார் யாரோடு கோபம், எல்லாம் அங்கேதான் தெரியும். ஆனால் இரண்டு நாளாகப் பாட்டி வாயே திறக்கவில்லை. மௌன விரதம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பாட்டியின் வாளி வரிசையில் முதலில் இருந்தது. அழகுமுத்து தாத்தா வந்தார். தன் வாளியை அதற்கு முன்னால் தள்ளி வைத்தார். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போயே விட்டார்.

பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

எந்த விரதமும் அழகம்மா பாட்டியை இந்த அளவுக்குக் கட்டிப்போடாது. எனக்கு விளங்கிவிட்டது.

அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பாட்டி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாட்டி, ஆமான்னா தலைய மட்டும் ஆட்டுங்க. பல்லு உங்ககிட்டதானே இருக்கு?"

பாட்டி சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கழட்ட முடியலையா?"

இந்தத் தடவை வேகமாக ஆட்டினார். தலைப்பை எடுத்து வாயைத் திறந்து காட்டினார். பாட்டிக்கு மேலே மிச்சம் இருப்பது ஒரே ஒரு பல். பல் செட்டின் கொக்கி அதில் போய் மாட்டிக்கொண்டு நின்றது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் பாட்டியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் போய்விட்டது. இரண்டு நாளாக வலியோடு, சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"இழுத்தா இன்னும் புண்ணாகும் பாட்டி. டாக்டர்கிட்ட போவோம். மாணிக்கம் தாத்தாகிட்ட மட்டும் சொல்லட்டுமா?"

முடியாது என்று தலையாட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடியும் முடியாது.

"அவரு ஒன்பது நாளா கஞ்சி குடிக்கிறாரு பாட்டி."

பாட்டி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மாணிக்கம் தாத்தா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் டிலக்சன் அண்ணனின் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ரோட்டில் நின்றே விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அம்மா கூடையோடு சிரித்துக்கொண்டே போய் வா என்று கையைக் காட்டினார். மலையில் இருந்த மற்ற எல்லோரும் சிரித்தார்கள். மாணிக்கம் தாத்தாவிடம் மட்டும்தான் சொல்வேன் என்று பாட்டியிடம் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டோவிலிருந்து பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச முடியாதது என் நல்ல காலம்.

மாத்தளை டவுனில் பல் டாக்டரின் பெயர் மர்வா. பாட்டியின் வாயைப் பார்த்துவிட்டு, இது யாருடைய பல் என்று கேட்டார். நான் போனைத் திறந்து மூன்று படங்களையும் காட்டினேன். டாக்டர் முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு மாணிக்கம் தாத்தாவைக் கூப்பிட்டார். இந்தத் தட்டு அவருடைய வாய்க்கு மட்டும் அளவெடுத்துச் செய்தது, மற்றவர்கள் போட்டால் புண் வரும், ஒருவர் வாயில் இருக்கும் கிருமி அடுத்தவர் வாய்க்கும் போகும் என்றார்.

"இப்ப கொக்கிய வெட்டினாத்தான் வெளியே எடுக்கலாம் தாத்தா. புதுக் கொக்கி வைக்க ரெண்டு கிழமை ஆகும். அதுவரைக்கும் இதைப் போட முடியாது. வெட்டட்டுமா?"

ரெண்டு கிழமை என்றால் பதினாலு நாள். கலியாணத்துக்கு இன்னும் மூன்று நாள்தான். தாத்தா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பாட்டியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"வெட்டுங்கம்மா. வடைய அடுத்த கலியாணத்துலயும் சுடுவாங்க."

டிக் என்று ஒரு சத்தம். பல் வெளியே வந்துவிட்டது.

பாட்டி வாயைக் கொப்பளித்தார். தாடையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். பிறகு பேசினார்.

"அந்த அழகுமுத்து என் வாளிக்கு முன்னால வாளிய வச்சான் பாத்தியா? பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வரட்டும் நாளைக்கு."

எங்கள் ஊர் எல்கடுவ வந்து சேரும் வரை அவர் நிறுத்தவில்லை. ஆனால் ஆட்டோ மலை ஏறும்போது ஒரு தடவை மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாணிக்கம் தாத்தாவைப் பார்க்காமல், வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொழும்புல இருக்கிற மகனுக்கு ஒரு படம் அனுப்பலாம்னு ஆசைப்பட்டேன். கேக்காம எடுத்தது தப்புதான்."

தாத்தா கையை நீட்டினார். பாட்டியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் மற்றவர்களையும் அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பல் செட்டு செய்ய அளவெடுக்க வேண்டுமாம். "அவங்கவங்க வாயோட வாங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பலாபத்வலக் கலியாணத்துக்கு லயமே போனது. ஏழு மாப்பிள்ளைகள் போட்ட கோட்டை எட்டாவது மாப்பிள்ளையும் போட்டிருந்தார். பந்தியில் மாணிக்கம் தாத்தாவின் வாழையிலையில் இரண்டு பருப்பு வடை விழுந்தது. தாத்தா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். திரும்பவும் இலையிலேயே வைத்தார். நானும் என் வடையை இலையிலேயே வைத்தேன்.

அழகம்மா பாட்டி எழுந்து வந்தார். பையிலிருந்து வெற்றிலை இடிக்கும் சின்ன உரலை எடுத்தார். தாத்தாவின் வடையை அதில் போட்டு, டொக் டொக் என்று இடித்தார். மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். இடித்த வடையை இலையில் கொட்டிவிட்டு, சாப்பிடுங்க என்றார்.

தாத்தா ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வெத்தல வாசம் அடிக்குது" என்றார். "இன்னும் ரெண்டு இடிங்க."

உடனே பெரியவர் உரலைக் கேட்டார். அடுத்து சின்னவர். அதற்கு அடுத்து அழகுமுத்து தாத்தா. உரல் வரிசை முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அழகுமுத்து தாத்தாவின் முறை வந்தபோது பாட்டி உரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாளிக் கணக்கு தீர்ந்த பிறகுதான் கொடுத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பல்லைப் போட்ட ஐந்து பேரையும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார வைத்துப் போனைத் தூக்கினேன். சிரிங்க என்றேன். அழகுமுத்து தாத்தா கையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் மாணிக்கம் தாத்தா வாயைப் பெரிதாகத் திறந்து, ஆறு பல் இல்லாத இடத்தை ஊருக்கே காட்டிச் சிரித்தார். அதைப் பார்த்துப் பாட்டி தன் ஒற்றைப் பல் தெரியச் சிரித்தார். அழகுமுத்து தாத்தாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

படத்தைக் கொழும்புக்கும் சவூதிக்கும் அனுப்பினேன். சாயந்திரமே சவூதியிலிருந்து பதில் வந்தது. அழகுமுத்து தாத்தாவின் மகள் பேசி அனுப்பியிருந்தார். "போன படத்துல யாரோ மாதிரி இருந்தீங்க. இதுலதான் எங்க அப்பா."

தாத்தா அதை நான்கு தடவை போடச் சொல்லிக் கேட்டார். எனக்கு ஒரு டொபி நீட்டினார். இந்தத் தடவை நான் வாங்கவில்லை.

அந்தப் படம் இன்னும் அம்மாவின் போனில் இருக்கிறது. அதில் ஐந்து பேர் சிரிக்கிறார்கள். ஐந்தும் ஐந்து சிரிப்பு.