பச்சை எரியாத சமாதானம்

மேசைமேல் இருந்த மெய்காட்டிப் பெட்டியில் மறுபடியும் சிவப்பு எரிந்தது.

"இன்னொரு தடவை வாசிங்க அண்ணாச்சி," என்றாள் அமலோற்பவம். அவள் தென்திட்டின் தூதர். எதிரே வியர்த்துக்கொண்டிருந்த இசக்கியப்பன் வடதிட்டின் தூதர். இரண்டும் கடலில் மிதக்கும் நகர நாடுகள். ஒரே தமிழ், ஒரே மீன்குழம்பு, ஐந்து மாதமாக ஓயாத சண்டை.

இசக்கியப்பன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். "தென்திட்டு மக்கள்மீது எங்களுக்குப் பகை இல்லை."

சிவப்பு.

இந்தப் பெட்டி வந்தபோது இரு நாட்டிலும் ஆடாத ஆட்டம் இல்லை. பேசுபவரின் நாடியையும் மூளை அலையையும் தொடாமலே படித்து, மனதார வரும் சொல்லுக்குப் பச்சையும் மற்றதற்குச் சிவப்பும் காட்டும். தூதர்கள் பொய் சொல்லாவிட்டால் போர் எங்கிருந்து வரும் என்று இரு நாட்டுச் சபைகளும் கைதட்டிச் சட்டம் போட்டன: பச்சை எரியாத உடன்படிக்கை செல்லாது. படையைக்கூடப் பாதியாகக் குறைத்தார்கள். ரொம்பப் புத்திசாலிகள்!

அதற்கு முன் இந்த இருவரும் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு ஆண்டும் இசக்கியப்பன் வந்து தென்திட்டின் ஆழ்கடல் கனிமப் படுகையில் பங்கு கேட்பார். "பார்க்கலாம் அண்ணாச்சி" என்பாள் அமலோற்பவம். முடியாது என்று அதற்கு அர்த்தம், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஊருக்குப் போய், "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கும். கேட்டவர் மானமும் போகாது, மறுத்தவள்மீது கோபமும் வராது. டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள்.

மெய்காட்டி மேசைக்கு வந்த முதல் நாளே 'பார்க்கலாம்' சிவப்பில் விழுந்தது. "உண்டா, இல்லையா?" என்று வடதிட்டுச் சபை கேட்டது. இல்லை என்றாள். பளிச்சென்று பச்சை எரிந்தது. அந்த மாதமே பீரங்கிப் படகுகள் கிளம்பின.

போரின் முதல் வாரத்தில் இசக்கியப்பனின் ஒரே மகன் செத்துப்போனான். அமலோற்பவத்தின் மகள் பிலோமினா இன்னும் எல்லைக் காவல் படகில் நிற்கிறாள். இன்று உடன்பாடு வராவிட்டால் வடதிட்டின் ஏவுகணைகள் அந்த எல்லைமேல்தான் வந்து விழும்.

"பகைங்கற பேச்சையே விடுங்க. 'சுடுறத நிறுத்த விரும்புறோம்'. அது போதும்." அவளே முதலில் சொல்லிக் காட்டினாள். பச்சை. பெற்றவளுக்கு அது ஒரு கஷ்டமா?

அவரும் சொன்னார். சிவப்பு. அவரே ஆடிப்போனார்.

"நிறுத்தணும்னுதான தங்கச்சி வந்தேன்? சத்தியமா அதுக்குத்தான..." பெட்டி சத்தியத்துக்கும் மசியவில்லை.

"வேற ஆள வரச் சொல்லுங்க."

"யார வரச் சொல்ல? பிள்ளையப் பறிகொடுக்காத வீடு எங்க ஊர்ல ஏது?"

அமலோற்பவத்துக்கு அழுகை முட்டியது. "முன்னெல்லாம் வஞ்சத்த மனசுல வச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டோம். பெறகு வியாபாரம், கல்யாணம் காட்சின்னு போக்குவரத்து ஆகி, வஞ்சம் தானா மங்கிப்போகும். இப்ப முதல்லயே மனசு சுத்தமா இருக்கணும்னா எவனால முடியும்? என் பிள்ளை அங்க நிக்கா அண்ணாச்சி."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சு நேரம் முடிந்ததாக மணி அடித்தது. எழுந்தார். இத்தனை வருடப் பழக்கம். சும்மா போக மனம் வரவில்லை. அவள் அருகில் வந்து, கண் கலங்கச் சொன்னார்.

"கவலப்படாத தங்கச்சி. உன் மக நல்லபடியா வீடு வந்து சேரணும்."

சிவப்பு எரிந்தது.

"இல்லம்மா, இல்ல," என்று பதறினார். "நெசமாத்தான் சொல்லுதேன்."

அதற்கும் சிவப்பு.