பின்னால் இருந்த பலகை

காலையில் படகுகள் மிதந்த இடத்தில் சாயங்காலம் வெறும் சேறு கிடந்தது. படகுக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அணையில் தண்ணீர் இறங்க இறங்க, படகுத்துறையை இழுத்து இழுத்தே இடுப்பு ஒடிந்தாயிற்று. இப்போது மிதிபடகு ஒன்று, அதுவும் மகள் ஏறிய படகு, நடுச்சேற்றில் குந்திக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு மிதவைச்சட்டையும் குனிந்த தலையும் மங்கலாகத் தெரிந்தன. "ஒரே ஒரு ரவுண்டுப்பா" என்று கெஞ்சியவள், தொண்டை கிழியக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்பன் திட்டினானாம், அதனால் கோபமாம்!

கைப்பேசி அடித்தது. மேலே ஆபீசில் நீர்மட்டம் பார்க்கும் மைத்துனன்.

"மச்சான், தண்ணி ஏறிட்டிருக்கு. படகையெல்லாம் மேல இழுத்துக் கட்டுங்க."

"ஏறுதா? கண்ணை எங்கடா வச்சிருக்க? இங்க வத்திப்போய்ப் படகு சேத்துல நிக்குது!"

வெடுக்கென்று வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்பவனுக்கு என்ன தெரியும்!

சேற்றில் கால் வைத்தால் இடுப்புவரை விழுங்கும். அதற்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் வழி, நாலு பலகையை வரிசையாகப் போட்டு நடப்பது. முனைக்குப் போனதும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போடுவது. அப்படித்தான் போனான். பலகைக்கு அடியில் சேறு களக் களக்கென்று மூச்சுவிட்டது, அழுகிய பாசி வாடை தொண்டையில் ஒட்டியது, வியர்வை கண்ணில் எரிந்தது, படகு மட்டும் இன்னும் ஒரு பலகை தூரத்திலேயே இருந்தது. எடுத்தான். போட்டான். இன்னும் ஒரு பலகை.

"நின்னு தொலையேன் சனியனே!" என்று படகையே திட்டினான்.

எடுத்தான். போட்டான். குனிந்த தலை நிமிரவில்லை.

மறுபடி கைப்பேசி.

"எங்க மச்சான் இருக்கீங்க? கரை முழுக்கத் தண்ணி. பாப்பா வேற உங்களைத் தேடுறா."

"பாப்பாவா?"

"படகுல ஏறவே இல்லையாம். குளிருதுன்னு அப்பவே இங்க வந்துட்டா. இந்தாங்க, பேசுங்க."

"அப்பா, இருட்டுதுப்பா. சீக்கிரம் வாங்க."

மகளின் குரல்தான். சந்தேகமே இல்லை.

திரும்பிப் பார்த்தான். தண்ணீர். கரையே தெரியாமல், கறுப்பாய், அசையாமல். பலகைகளைக் காணோம். காலுக்கடியில் இருந்த ஒன்றைத் தவிர.

முன்னால் சேறு களக்கென்றது.

படகு காலியாக இருந்தது. ஆரஞ்சுச் சட்டை கீழே இறங்கி நின்றது. அதன் காலடியில் அவனுடைய பலகைகள்.

அது குனிந்தது. பின்னால் இருந்ததை எடுத்தது. முன்னால் போட்டது. அவன் பக்கமாக.

"அப்பா, கேக்குதா? வந்துட்டிருக்கீங்களா?" காதருகே மகள் கேட்டாள்.

இன்னும் ஒரு பலகை தூரம். அது மறுபடி குனிந்து, பின்னால் இருந்த பலகையை எடுத்தது.