உதைப்பட்டை

செவ்வாய்க் கோளின் செம்மணல் நகரில் ஐந்தாம் மாதம் என்றால் உதை வாங்கும் மாதம். அங்கே யாரும் பிள்ளையை வயிற்றில் சுமப்பதில்லை. உடம்பின் எடை அங்கே குறைவு, கருவுக்கு எலும்பு தேறாது. அதனால் பூமியின் எடையோடு சுழலும் கருவகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் கரு வளரும். தாய் இடுப்பில் உதைப்பட்டை கட்டிக்கொள்வாள். அங்கே குழந்தை காலை உதறினால் இங்கே வயிற்றில் துள்ளும். மசக்கையும் இடுப்பு வலியும் ஒழிந்தன, உதை மட்டும் தங்கிவிட்டது. மனிதர்கள் எதை விட்டாலும் பெருமையை விடமாட்டார்களே.

செண்பகத்துக்கு மூன்று கரு தவறிப்போய் இது நான்காவது. பட்டை துள்ளும்போதெல்லாம் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வயிற்றில் கை வைத்து நிற்பாள். உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவளுக்கிருந்த ஒரே சாட்சி அந்த உதைதான்.

அன்று நகர மண்டபத்தில் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்து வளைகாப்பு. செண்பகத்தின் கையில் செம்மணல் கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பட்டை துள்ளியது. கை தானாக வயிற்றுக்குப் போனது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினாள். ரெஜினாவும் வயிற்றில் கை வைத்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும்தான். வரிசை முழுக்கவே அப்படி. மறுபடி ஓர் உதை வந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நொடியில் உதைக்குமா? செண்பகம் வளையல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கணவன் சேந்தனை இழுத்துக்கொண்டு கருவகத்துக்கு ஓடினாள். "எங்க பிள்ளை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் கதிரேசன் அவர்களைப் பேழைக்கு அழைத்துப் போனார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒரு பெண் குழந்தை. இமைகள் ஒட்டியிருந்தன, உடம்பெல்லாம் பூனைமயிர். கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தாம்மா இருக்கா."

"அப்போ அந்த உதை?" என்றான் சேந்தன்.

"அது நாங்க அனுப்புறது. இந்த மாசத்துல உதை லேசாத்தான் இருக்கும். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. முதல்ல உள்ளதைத்தான் அனுப்பினோம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை உதைக்குது, எங்களோடது ஏன் உதைக்கலை'ன்னு தினமும் வந்து வாசல்ல நின்னாங்க. இப்போ எல்லாருக்கும் ஒரே உதை. சண்டை சச்சரவு இல்லை."

செண்பகம் பேழையில் நெற்றியை வைத்து அழுதாள். இனி தன் பிள்ளையின் உதை மட்டும் போதும் என்றாள். பின்னாலேயே ஓடிவந்த மற்ற பதினோரு பேரும் அதையே கேட்டார்கள். உடனே எல்லாருக்கும் இணைப்பை மாற்றிக் கொடுத்தார்கள். அன்று மாலை வயிற்றில் சின்னக் குமிழி உடைந்ததுபோல் ஏதோ ஒன்று. அவ்வளவுதான். அதற்கே அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்த வாரமே பொதுச் சமையலறையில் ரெஜினா பிடித்துக்கொண்டாள். "எங்களோடது காலையிலேருந்து உதைச்சு எடுக்குதுக்கா. உங்களோடது என்ன, சத்தத்தையே காணோம்? எல்லாரும் கேக்குறாங்க."

ரெஜினா மறுநாளே பழைய இணைப்புக்குத் திரும்பிவிட்டது செண்பகத்துக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து கருவகத்தை அழைத்தாள்.

"பழைய உதையையே போட்டுடுங்க சார்."

"சரிம்மா. மத்த பதினோரு பேரும் முன்னாடியே பழசுக்கு மாத்திட்டாங்க," என்றார் கதிரேசன்.

"ரெஜினாவோடதைவிடக் கொஞ்சம் பலமா இருக்கட்டும்."

கதிரேசன் உண்மை இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசையை ஒரு சுற்றுக் கூடுதலாகத் திருகினார். அந்த நேரம் பார்த்து, அவருக்குப் பின்னாலிருந்த பேழைக்குள் செண்பகத்தின் குழந்தை கண்ணாடி அதிர ஓர் உதை விட்டது. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.